தெருவில் நட்ட கன்றுக்கு அக்கம்பக்கத்தார் தண்ணீர் ஊற்ற என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ஐயா, வணக்கம். திருவண்ணாமலைப் பக்கம் நெல், மல்லாட்டை, கரும்பு என்று பயிர் வைத்தவன் நான். இப்போது தாம்பரத்துக்கு அருகே மகன் வீட்டோடு இருக்கிறேன். எங்கள் தெருவில் நாற்பது வீடு. மரம் என்று சொல்ல மூலையில் ஒரு வேம்பு மட்டும்தான். போன வருடம் ஜூன் மாதம் சுற்றுச்சூழல் தினத்தன்று என் கைக்காசில் முப்பது கன்று வாங்கித் தெரு நெடுக நட்டேன். இன்று மிஞ்சி நிற்பது நாலு புங்கன். சிலதை மாடு தின்றது, சிலது காய்ந்தது, இரண்டை யாரோ பிடுங்கியே போட்டுவிட்டார்கள். கேட்டால் வேர் செப்டிக் டேங்கை உடைக்கும், குப்பை விழும், கார் நிறுத்த இடம் போகும் என்கிறார்கள். ஒருவரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? என்ன மரம் வைக்கலாம்? இருக்கிற புங்கனிலும் இலையெல்லாம் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. அதற்கும் ஒரு மருந்து சொல்லுங்கள்.

பதில்: ஐயா, வணக்கம். உங்கள் நடவில் பெரிய குறை இல்லை. நட்ட மாதமும், நடுவதற்கு முன் பேசாமல் விட்டதும்தான் குறை. வாசலுக்கு வெளியே இருக்கும் அந்த நாலடி மண் ஆவணப்படி மாநகராட்சிக்குச் சொந்தம். ஆனால் அங்கே தினம் தண்ணீர் தெளிப்பதும் கோலம் போடுவதும் வண்டி நிறுத்துவதும் அந்த வீட்டுக்காரர்கள். அவர்கள் மனதில் அது அவர்கள் இடம். உங்கள் வரப்பில் கேட்காமல் ஒருவர் தென்னம்பிள்ளை வைத்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அந்தக் கோபம்தான் இது.

ஆகவே இந்த முறை கன்று வாங்குவதைக் கடைசி வேலையாக வையுங்கள். முதலில் வீடு வீடாக ஒரு நடை. வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் நாலு கைகூப்பு வரும், அவ்வளவுதான். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் போங்கள், மருமகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலைப் பற்றி முடிவு சொல்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். “மரம் வைக்கலாமா?” என்று கேட்காதீர்கள், “வேண்டாம் சார்” என்று கதவு சாத்தப்படும். “உங்க வாசல்ல மகிழம் வைக்கட்டுமா, சரக்கொன்றை வைக்கட்டுமா?” என்று கேளுங்கள். மரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தால்தான் அது அவர்கள் மரம். நாற்பதில் எட்டோ பத்தோ வீடு சரி சொல்லும். அந்தப் பத்தோடு நிறுத்துங்கள். மறுப்பவர் வாசலில் வம்புக்கு வைக்கவே வேண்டாம். எதிர்வீட்டு மரம் தலைக்கு மேல் வளர்ந்து நிழல் விழ ஆரம்பித்தால், அவர்களில் சிலராவது தாங்களே வந்து கேட்பார்கள்.

குழி எங்கே என்பதையும் அவர்களையே காட்டச் சொல்லுங்கள். கோலம் போடும் இடத்தைத் தொடக்கூடாது. வாசலுக்கு நேரே மரம் ஆகாது என்று ஒரு பாட்டி சொன்னால் அங்கே நின்று விவாதம் செய்யாதீர்கள், மூன்றடி தள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது. முருங்கை, புளி வாசலில் வேண்டாம் என்றாலும் அப்படியே ஒத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு முருங்கை எனக்கும் சம்மதமில்லை. மழை முடிந்ததும் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக அடிமரத்தில் இறங்கும். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் கையில் அரிப்பு எடுத்தால் போதும், மறுநாள் மரமும் போகும், உங்கள் பேரும் போகும்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, நடுச்சுவருக்கு நேரே கன்று வைக்க வேண்டாம். இவர் ஊற்றுவார் என்று அவரும், அவர் ஊற்றுவார் என்று இவரும் இருந்துவிடுவார்கள். ஒரு கன்று, ஒரு வீடு, ஒரு ஆள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பேரையே கன்றுக்கு வைத்துவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். நான் பார்த்த வரையில் சொந்த வீட்டுக்காரரைவிட அவர்கள் ஒழுங்காக ஊற்றுகிறார்கள். காலி செய்யும்போது அடுத்து வருபவரிடம் சொல்லிவிட்டுப் போகச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். தெருவில் யார் பகல் முழுக்க வெயிலில் நிற்கிறார்களோ அவர்களைத் தேடிப் பிடியுங்கள். இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகள், அடுக்குமாடி வாட்ச்மேன், இளநீர் விற்பவர். வீட்டுக்குள் ஏசி போட்டு இருப்பவருக்கு நிழல் ஒரு அழகு. கரிப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மே மாத மத்தியானத்தில் துணி தேய்ப்பவருக்கு அதுதான் வேலை செய்யும் இடம். நங்கநல்லூர்ப் பக்கம் ஒரு தெருவில் இஸ்திரி வண்டியை ஒட்டி ஒரு புங்கன் நிற்கிறது. துணிக்குத் தெளிக்கும் தண்ணீரில் மிச்சமானதைச் சாயந்திரம் அந்த அடிமரத்தில் கவிழ்த்துவிட்டுத்தான் அவர் வண்டியைத் தள்ளுவார். மாடு வந்தால் விரட்டுவார், தட்டி கட்ட யாராவது ஆணி அடிக்க வந்தால் சத்தம் போடுவார். சங்கம் கூட்டித் தீர்மானம் போட்டாலும் இப்படி ஒரு காவல் கிடைக்காது. அவரிடம் “நிழல் உங்களுக்கு, ஒரு குடம் தண்ணீர் கன்றுக்கு” என்று சொன்னால் போதும். குடத்தை நிரப்பிக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஒரு குழாய் பேசி வையுங்கள்.

அப்புறம், அவர்கள் சொல்லும் ஆட்சேபணைகள். எல்லாமே பொய்யில்லை, ஆகவே மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். வேர் நல்ல குழாயைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. ஈரம் கசியும் இடத்தைத் தேடிப் போகும், விரிசலும் லூசான இணைப்பும் கிடைத்தால் உள்ளே புகுந்து அடைக்கும். அதனால் செப்டிக் டேங்கிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி வையுங்கள், அதற்கு இடமில்லாத வாசலில் மரமே வேண்டாம். ஆல், அரசு, அத்தி எதுவும் தெருவுக்கு ஆகாது. சீக்கிரம் பச்சைச் சுவர் போல வளரும் என்று நர்சரியில் கோனோகார்ப்பஸ் தருவார்கள், தொடாதீர்கள். குழாயையும் வடிகாலையும் வேர் அடைக்கிறது என்பதால் குஜராத் 2023ல் அதை நடத் தடை போட்டது, தமிழ்நாடும் பிறகு தடை செய்துவிட்டது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு பயம், மரம் சாய்ந்து காரின் மேல் விழுவது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு அது சும்மா வந்த பயம் இல்லை. அன்று ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. குல்மொஹர், தூங்குமூஞ்சி, மஞ்சள் பூப்பூக்கும் பெருங்கொன்றை எல்லாம் வரிசையாக விழுந்து கிடந்தன. வேம்பும் புங்கனும்கூட விழத்தான் செய்தன. நம்ம ஊர் மரம் என்றால் விழவே விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிமரம் வரை சிமெண்ட் போட்டு, ஒரு பக்க வேரை வடிகாலுக்காக வெட்டிவிட்டால் எந்த மரமும் சாயும். தில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே உத்தரவிட்டது. உங்கள் தெருவிலும் அந்த மூன்றடியை மண்ணாகவே விடச் சொல்லுங்கள். பேவர் பிளாக் போட வருகிறவர்கள் அந்த இடத்தையும் சேர்த்து மூடப் பார்ப்பார்கள், அன்றைக்கு யாராவது கூடவே நிற்க வேண்டும்.

மரத்துக்கு வருவோம். மின்கம்பி போகும் பக்கம் பவழமல்லி, மந்தாரை, கறிவேப்பிலை போன்ற உயரம் போகாதவை. பெரிதாக வளர்வதை அந்தப் பக்கம் வைத்தால் வருடா வருடம் மின்வாரிய ஆட்கள் வந்து மொட்டை அடிப்பார்கள், ஒருபக்கமாக எடை ஏறி அதுதான் காற்றில் முதலில் சாயும். கம்பி இல்லாத பக்கம் மகிழம், புங்கன், பூவரசு, சரக்கொன்றை, புன்னை. மகிழம் மெதுவாகத்தான் வளரும். முதல் இரண்டு வருடம் நட்டது நட்டபடியே நிற்பதாகத் தோன்றும், அதைச் சொல்லிவிட்டே கொடுங்கள். இலை அதிகம் உதிராது, நிழல் அடர்த்தி, உதிர்ந்த பூவைக் காலையில் பொறுக்கிக் கோத்து வைத்தால் காய்ந்த பிறகும் வாசம் இருக்கும். கார் வைத்திருப்பவருக்கு நாவலும் வாதாமரமும் கொடுக்காதீர்கள், பழக்கறையும் வௌவால் எச்சமும் சேர்ந்து அவரை உங்களுக்கு ஆயுள் விரோதி ஆக்கிவிடும். ஏழிலைப்பாலை பூக்கும் காலத்தில் ராத்திரி வாசம் சிலருக்குத் தலைவலி, அதுவும் ஜன்னலோரம் வேண்டாம். வேம்புக்குத் தெரு மூலையும் பூங்கா இடமும் சரி.

இலைக்குப்பை பற்றிய புகாருக்கு ஒரே வழி, இலையை யார் கூட்டுவது என்று நடும் முன்பே பேசி வைப்பது. வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் மொத்தமாக உதிர்க்கும், மற்ற மாதம் தொந்தரவு குறைவு. மூலையில் கம்பிவலையை வட்டமாகக் கட்டி அதில் இலையைப் போட்டு வாருங்கள். கொஞ்சம் சாணிக் கரைசல் தெளித்தால் சில மாதத்தில் மக்கிவிடும், அதே கன்றுகளுக்குப் போடலாம். வடிகாலில் தள்ளவோ கொளுத்தவோ விடாதீர்கள்.

நடும் காலத்துக்கு வருகிறேன். ஜூன் 5 போட்டோவுக்கு நல்ல நாள். சென்னையில் கத்திரி முடிந்தும் அனல் அடங்காத நேரம் அது. இங்கே மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. ஆவணி கடைசியில் அல்லது புரட்டாசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையே வேரைப் பிடிக்க வைத்துவிடும். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் அதே. தோண்டும் முன் மின்வாரிய லைன்மேனிடம் கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோண்டினால் உங்கள் ஊர் மண் வராது ஐயா. செங்கல் துண்டு, சுவர் இடித்த சுண்ணாம்பு, பிளாஸ்டிக் உறை, பெயிண்ட் டப்பா எல்லாம் வரும். அதையே திரும்பப் போட்டு மூடாமல் முழுக்க அள்ளிவிட்டுச் செம்மண், மக்கிய தொழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். மழையில் மண் அமுங்கும், ஆகவே மட்டத்துக்கு மேல் கொஞ்சம் மேடாக வையுங்கள், இல்லாவிட்டால் நவம்பரில் தண்ணீர் நின்று வேர் அழுகும். பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தியால் அறுத்துவிட்டு நடுங்கள். கன்று ஆள் உயரத்துக்குக் குறையாமல், விரல் தடிமனில் இருக்கட்டும், ஓரடிக் கன்றுகளைத் தெருவில் காப்பாற்ற முடியாது. வனத்துறை நர்சரியில் கேட்டுப் பாருங்கள், 2022ல் ஆரம்பித்த பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காக நிறைய உற்பத்தி செய்கிறார்கள்.

கன்றுக்குப் பக்கத்தில் இரண்டடி நீளப் பிவிசி குழாய் ஒன்றைச் சாய்வாக இறக்கி உள்ளே ஜல்லி போட்டுவிடுங்கள். தண்ணீரை அதில் ஊற்றினால் வேர் ஆழமாக இறங்கும், நாளைக்கு நடைபாதையைத் தூக்காது. மழைக்காலத்தில் ஊற்ற வேண்டியதில்லை. தை பிறந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு குடம், பங்குனி முதல் ஆனி வரை ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு கோடை தாண்டிவிட்டால் மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் பக்கம் கோடையில் லாரித் தண்ணீர்தான் என்பது தெரியும், அதனால் யாரும் நல்ல தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரும் நல்லது. ஆர்ஓ கழிவுநீர் உங்கள் பக்கத்துப் போர்வெல் உப்போடு சேர்ந்தால் இளங்கன்றுக்கு ஆகாது, வாஷிங் மெஷின் சோப்புத் தண்ணீரும் வேண்டாம்.

மாட்டுக்குக் கூண்டுதான் மருந்து. இரும்புக் கூண்டு விலை அதிகம் என்றால் மூங்கில் தப்பை நாலு ஊன்றிப் பச்சை வலை சுற்றுங்கள். மரம் தடித்ததும் கூண்டைக் கழற்றுவதற்கும் ஒரு ஆளை இப்போதே சொல்லி வையுங்கள். கழற்றாமல் விட்ட கம்பி அடிமரத்துக்குள்ளேயே புதைந்துபோன மரங்கள் நகரம் முழுக்க நிற்கின்றன.

நடும் முன்பே வார்டு கவுன்சிலருக்கும் பகுதிப் பொறியாளருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள், பத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு. அனுமதி ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த வருடம் மழைநீர் வடிகாலோ பாதாளச் சாக்கடையோ எந்தப் பக்கம் வருகிறது என்பதைக் கேட்டு வாங்குவதுதான் முக்கியம். மாடு தின்றது துளிர்த்தாலும் துளிர்க்கும், ஜேசிபி வாரியது திரும்பாது. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும் தெருவில் எல்லோருக்கும் தெரியும்படி செய்துவிடுங்கள்.

புங்கன் இலைக் கொப்புளத்துக்கு மருந்தே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் இலைக்குள் செய்யும் வேலை அது, புங்கன் மரங்களில் சகஜம். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர மரம் சாகாது. அதிகமாகத் தாக்கிய கிளை நுனிகளை மட்டும் கிள்ளிக் குழியில் போட்டு மூடிவிடுங்கள். குழந்தைகள் விளையாடும் தெருவில் அதற்காகப் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். அந்த நாலு கன்றையும் இந்த ஆவணியில் சுற்றிக் கொத்தி, ஆளுக்கு ஒரு கூடை தொழு உரம் வைத்து, எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அவர்களைக் கூப்பிட்டு மண் அணைக்கச் சொல்லுங்கள்.