வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: தளரும் சீனப் பொருளாதாரம்

கேள்வி: ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி என்பது பல நாடுகளுக்கு எட்டாக் கனி. அப்படியிருக்க, சீனப் பொருளாதாரத்தைப் பற்றி ஏன் இத்தனை கவலை? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. 2007-இல் 14 சதவீதத்தைத் தொட்ட வளர்ச்சி 2019-இல் 6 சதவீதமாகவும், 2024-இல் அரசுக் கணக்கின்படி 5 சதவீதமாகவும் இறங்கியது. வறுமையிலிருந்து மேலெழுந்த நாடு ஓரளவு வசதியை எட்டியதும் வேகம் குறைவது இயல்பே. அந்த வேகம் எதன்மேல் நின்றது, அது தளர்ந்தபோது சுமை யார் தலையில் இறங்கியது என்பதே என் கவலை.

வீட்டுமனைத் துறையும் அதைச் சார்ந்த தொழில்களும் ஒரு காலத்தில் சீனப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருந்தன. நகர நிலம் அரசுடைமை என்பதால் அதன் பயன்பாட்டு உரிமையை விற்று உள்ளாட்சிகள் தம் செலவைச் சமாளித்தன. கட்டுமான நிறுவனங்கள் வீடு எழும்பும் முன்பே பணத்தை வாங்கி, அதைக் கொண்டு அடுத்த மனையைப் பிடித்தன. சேமிப்பைப் போட்டு வைக்க வேறு நம்பகமான இடம் இல்லாத குடும்பங்கள் இரண்டாவது, மூன்றாவது வீடு என்று வாங்கிக்கொண்டே போயின. கடன் எல்லை மீறுவதைக் கண்ட அரசு, 2020 ஆகஸ்டில் கட்டுமான நிறுவனங்கள் கடன் வாங்குவதற்கு வரம்பு கட்டும் 'மூன்று சிவப்புக் கோடுகள்' என்ற கட்டுப்பாட்டை வகுத்ததும் இந்தச் சங்கிலி அறுந்தது. 30,000 கோடி டாலருக்கு மேல் கடன்பட்டிருந்த எவர்கிராண்ட் என்ற கட்டுமான நிறுவனம் 2021 டிசம்பரில் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியதாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது.

நிறுவனத்தின் கதையைவிட, அதனிடம் வீடு வாங்கியவர்களின் கதைதான் என்னை உறுத்துகிறது. பாதியில் நின்றுபோன கட்டடங்களைச் சீனர்கள் 'அழுகிய வால் கட்டடம்' என்று அழைக்கிறார்கள். 2022-இல் ஜிங்தெசென் நகரத்து வாசிகள் சிலர், கட்டி முடிக்காத வீட்டுக்குக் கடன் தவணை செலுத்த மாட்டோம் என்று அறிவிக்க, அது பல நகரங்களுக்கும் பரவியது. வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட வழியில்லாத சில குடும்பங்கள், மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத அந்த மாடிகளிலேயே குடியேறின.

கேள்வி: படித்த இளைஞர்களுக்கே அங்கு வேலை கிடைப்பதில்லை என்பது உண்மையா? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: உண்மைதான். 2023 ஜூனில் 16 முதல் 24 வயது வரையிலான நகர்ப்புற இளைஞர்களிடையே வேலையின்மை 21.3 சதவீதமாக உயர்ந்தது. அதன் பிறகு சில மாதங்கள் கணக்கை வெளியிடாமல் நிறுத்தி வைத்த அரசு, மாணவர்களைக் கழித்துவிட்டுப் புதிய கணக்கை 2024 ஜனவரியில் வெளியிட்டது. பட்டதாரிகளுக்கு வேலை தந்துவந்த தனிப்பயிற்சி நிறுவனங்களும் இணைய நிறுவனங்களும் 2021-இல் கடும் கட்டுப்பாடுகளுக்கு உள்ளானதும் இதற்கு ஒரு காரணம். ஓடி ஓடி உழைத்தும் வீடும் திருமணமும் கைகூடாது என்று கண்ட இளைஞர்களிடையே 'தாங் பிங்', அதாவது பேசாமல் படுத்துவிடுவது, என்ற சொல் அதே ஆண்டில் பரவியது. அதைச் சோம்பல் என்று பழிப்பதை நான் ஏற்கமாட்டேன். 2016-இல் 1.7 கோடிக்கு மேல் பிறந்த குழந்தைகள் 2023-இல் சுமார் 90 லட்சமாகக் குறைந்ததையும் இந்த மனநிலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: இது மற்ற நாடுகளை எப்படிப் பாதிக்கிறது? (கோவை வாசகர்)

பதில்: சீனப் பொருளாதாரத்தில் குடும்பங்களின் நுகர்வு சுமார் 40 சதவீதமே, இது உலக அளவில் மிகக் குறைவு. வீட்டுமனைத் துறை சரிந்தபோது, வங்கிக் கடன் மின்கார், மின்கலம், சூரியத் தகடு ஆலைகளின் பக்கம் திருப்பி விடப்பட்டது. உள்ளூரில் வாங்க ஆளில்லாத சரக்கு கப்பலேறியது. 2024-இல் சீனாவின் வர்த்தக உபரி, அதாவது இறக்குமதியை மிஞ்சிய ஏற்றுமதி, ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டாலர். எஃகு ஏற்றுமதி மட்டும் 11 கோடி டன். அந்த விலையோடு போட்டியிட முடியாமல் சிலி நாட்டின் ஹுவாச்சிப்பாத்தோ எஃகு ஆலை அதே ஆண்டில் மூடப்பட்டது. சீன மின்கார்களுக்கு அமெரிக்கா 100 சதவீத வரி விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் கூடுதல் வரி விதித்தது. இந்தியா 2025 ஏப்ரலில் சில எஃகுப் பொருள்களின் இறக்குமதிக்கு 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்பு வரி விதித்ததும் இந்தப் பின்னணியில்தான்.

இந்த வரிச்சுவர்கள் நோயின் மூலத்தைத் தொடுவதில்லை. சீனக் குடும்பங்கள் செலவழிக்கத் தயங்குவது, முதுமைக்கும் மருத்துவத்துக்கும் தாமே சேர்த்து வைத்தாக வேண்டும் என்ற அச்சத்தால். பிறந்த ஊரோடு உரிமைகளைக் கட்டிப்போடும் 'ஹுகோ' பதிவு முறையால், ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் கிட்டத்தட்ட 30 கோடித் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு நகரத்தின் முழுமையான பள்ளி, மருத்துவ, ஓய்வூதியச் சலுகைகள் கிடைப்பதில்லை. 2024 நவம்பரில் உள்ளாட்சிக் கடன்களைச் சீர்செய்ய 10 லட்சம் கோடி யுவான் (சீன நாணயம்) திட்டத்தை அரசு அறிவித்தது. கிராமத்து முதியவர்கள் சார்ந்திருக்கும் அடிப்படை ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையோ, அதே ஆண்டு 20 யுவான் கூட்டிய பிறகும் மாதத்துக்கு 123 யுவானாகத்தான் இருந்தது.