டெங்கு இல்லை, ஆனாலும் தட்டணு குறைகிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): டாக்டர், என் அக்கா மகளுக்கு 29 வயது. காய்ச்சல், கால் முழுக்க சிவப்புப் புள்ளி, தட்டணு 12 ஆயிரம். டெங்கு என்றுதான் நினைத்தோம், பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டது. இரண்டே நாளில் பேச்சு குழறியது. பெரிய ஆஸ்பத்திரியில் 'டிடிபி' என்று சொல்லி பிளாஸ்மா மாற்றினார்கள், இப்போது தேறி வருகிறாள். தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்களோ உள்ளே ரத்தம் உறைகிறது என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே சரி அம்மா. தட்டணு எங்கே போயிற்று என்று கேட்டுப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். டிடிபி என்ற இந்த ரத்த நோயில் அவை மூளை, இதயம், சிறுநீரகம் என்று எல்லா இடத்திலும் உள்ள மிகச் சிறிய ரத்தக் குழாய்களில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, அங்கேயே செலவாகிவிடுகின்றன. அதனால்தான் ரத்தத்தில் எண்ணிக்கை விழுகிறது. அந்தக் கட்டிகளுக்கு இடையே நெருக்கிக்கொண்டு போகும் சிவப்பணுக்கள் கிழிந்து துண்டுதுண்டாகின்றன, ஹீமோகுளோபின் இறங்குகிறது, கண்ணில் லேசாக மஞ்சள் தெரிகிறது. பேச்சு குழறியதற்குக் காரணம் மூளைக்குப் போகும் சிறு குழாய்கள் அடைத்ததுதான்.

நியூயார்க்கில் எலி மோஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர் 1924-இல் இதை முதலில் எழுதிவைத்தார். அவர் பார்த்தது 16 வயதுப் பெண், அந்தப் பெண் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள், சிகிச்சை இல்லாமல் இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதி, கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்று அனுபவத்தில் தெரிந்திருந்தாலும், நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு வேறொருவருடையதை மாற்றி ஏற்றுவதுதான் கூடுதல் பலன் தரும் என்பதை 102 நோயாளிகளை வைத்துக் கனடாவில் நடந்த ஆய்வு 1991-இல் நிரூபித்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மாற்றி ஏற்றியவர்களில் 78 சதவீதம் பேரும், வெறுமனே ஏற்றியவர்களில் 63 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். உங்கள் அக்கா மகளுக்குச் செய்தது அதே சிகிச்சைதான்.

கேள்வி (உயிர்வேதியியல் மாணவர், மதுரை): வகுப்பில் ஹான்-மோ சாய் என்ற ஆராய்ச்சியாளரின் பெயரைச் சொன்னார்கள். ரத்த உறைவிலும் காம்ப்ளிமென்ட் நோய்களிலும் வேலை செய்தவர் என்றார்கள். அவர் கண்டுபிடித்தது என்ன? தேர்வுக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

பதில்: நல்ல கேள்வி தம்பி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

வான் வில்லபிராண்ட் காரணி என்ற புரதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லபிராண்ட், ஓலாந்து தீவுகளில் ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வந்த ரத்தக்கசிவு நோயை 1926-இல் விவரித்தார், புரதத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அது குறைந்தால் ரத்தம் நிற்காது. நம் ரத்தக் குழாயின் உள்சுவரில் உள்ள செல்கள் இதை மிக நீண்ட சரமாகத்தான் வெளியே விடுகின்றன. பூக்காரம்மா தொடுத்த சரத்தை முழம்முழமாக அறுத்துத் தருவதுபோல யாரோ அதை அளவாக அறுக்க வேண்டும். அறுக்காத சரம் முழுக்கத் தட்டணு ஒட்டிக்கொள்ளும்.

அறுப்பது யார் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ஜோயல் மோக் 1982-இலேயே, திரும்பத் திரும்ப டிடிபி வந்த நான்கு பேரின் ரத்தத்தில் வழக்கத்தைவிட மிகப் பெரிய சரங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டார், இவர்களிடம் ஏதோ ஒன்று இல்லை என்றும் சந்தேகப்பட்டார். ஆனால் அந்த 'ஏதோ ஒன்றை' சோதனைக்குழாயில் பிடிக்க முடியவில்லை. சுருண்டு கிடக்கும் சரத்தோடு பிளாஸ்மாவைக் கலந்துவைத்தால் எதுவும் நடக்காது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வேலை செய்த சாய், ரத்த ஓட்டத்தின் இழுவிசையைப் பற்றி யோசித்தார். அந்த விசை பட்டால் இந்தப் புரதம் கூடுதலாக வெட்டுப்படுகிறது என்று 1994-இல் காட்டினார். அதாவது சரம் இழுபட்டு விரிந்தால்தான் வெட்ட வேண்டிய இடம் வெளியே தெரியும். 1996-இல் அவரும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மிஹா ஃபர்லான் குழுவும், ஒருவரை ஒருவர் சாராமல், வெட்டும் நொதியைத் தனித்தனியே விவரித்தார்கள்.

1998 நவம்பரில் இரண்டு குழுக்களின் கட்டுரைகளும் ஒரே மருத்துவ இதழில், ஒரே வாரத்தில் வந்தன. சாய் தீவிர டிடிபியில் இருந்த 37 பேரின் ரத்தத்தை எடுத்துக்கொண்டார். அந்த நொதி அவர்களிடம் ஏறக்குறைய இல்லை, பெரும்பாலோரிடம் நொதியையே முடக்கும் ஆன்டிபாடி இருந்தது. அப்போதுதான் பிளாஸ்மா மாற்றம் ஏன் பலிக்கிறது என்பதற்கு முழுக் காரணம் கிடைத்தது: ஆன்டிபாடி வெளியே போகிறது, கொடையாளியின் நொதி உள்ளே வருகிறது. 2001-இல் மிச்சிகனில் டேவிட் கின்ஸ்பர்க் குழு, சாயும் சேர்ந்து, பிறவியிலேயே டிடிபி உள்ள குடும்பங்களை ஆராய்ந்து அந்த நொதியின் மரபணுவைக் கண்டார்கள். அதன் பெயர் ஆடம்ட்ஸ்13, நொதிக்கும் அதே பெயர்தான், ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் மதிப்பாகத் தோன்றுவது, பெரிய கருவிகளோ பெரிய பணமோ அல்ல, ஏன் சோதனைக்குழாயில் வேலை செய்யவில்லை என்ற ஒரே கேள்வியோடு பல வருடம் ஒருவர் உட்கார்ந்ததுதான். சோதனைச்சாலையில் சேர்வதென்றால் அந்தப் பொறுமையை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகர், ஈரோடு): என் தம்பி மகனுக்கு ஏழு வயது. தட்டணு குறைவு, ரத்தசோகை, சிறுநீர் நின்றுபோய் டயாலிசிஸ் செய்கிறார்கள். 'ஏஹெச்யுஎஸ், காம்ப்ளிமென்ட் கோளாறு' என்கிறார்கள். இதுவும் டிடிபிதானா?

பதில்: இல்லை. ஹெச்யுஎஸ் என்பது சிறுநீரகத்தை முக்கியமாகத் தாக்கும் வேறு நோய், ஏஹெச்யுஎஸ் அதில் காம்ப்ளிமென்ட் கோளாறால் வரும் வகை. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பார்த்தால் அதே கிழிந்த சிவப்பணுக்கள்தான் தெரியும், அதனால் பல காலம் இரண்டையும் சேர்த்து ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஃபர்லானின் 1998 ஆய்வில் ஹெச்யுஎஸ் நோயாளிகளும் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நொதி சரியாகவே இருந்தது. அப்படியானால் கோளாறு வேறெங்கோ. அதே 1998-இல் இங்கிலாந்தின் நியூகாசில் குழு அந்த இடத்தைக் காட்டியது, ஃபேக்டர் ஹெச்.

காம்ப்ளிமென்ட் என்பது கிருமியைத் துளைத்துக் கொல்லும் புரதங்களின் கூட்டம். கிருமி இல்லாத நேரத்திலும் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும், நம் சொந்தச் செல்களைத் தாக்காமல் ஃபேக்டர் ஹெச் போன்றவை தடுக்கும். அந்தத் தடை பழுதானால் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவர்தான் முதலில் அடிபடும். சாய் தன் பிந்தைய கட்டுரைகளில் வற்புறுத்தியது இதைத்தான்: அறிகுறிகளை வைத்துப் பெயரிடாதீர்கள், உள்ளே எந்த மூலக்கூறு தவறுகிறது என்று பாருங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு முக்கியமான விஷயம் ஒன்று. நம் நாட்டில் இந்த நோய் வரும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம், ஃபேக்டர் ஹெச்சுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடி. மேற்கு நாடுகளில் இந்த அளவு கிடையாது. இது சீக்கிரம் தெரிந்தால் பிளாஸ்மா மாற்றத்தோடு எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துகளும் கொடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. 'ஃபேக்டர் ஹெச் ஆன்டிபாடி சோதனைக்கு ரத்தம் அனுப்பியாகிவிட்டதா?' என்று நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். காம்ப்ளிமென்டை அடக்கும் எகுலிசுமாப் என்ற ஊசியும் இந்த நோய்க்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மிக நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அங்கே ஒரு காலத்தில் அதன் விலை ஆண்டுக்கு நான்கு லட்சம் டாலர். ஒரு மருந்து இருந்தும் பிள்ளைக்கு எட்டாமல் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அது கிடைத்தால், போடும் முன் மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசி கட்டாயம், ஏனெனில் அந்தக் கிருமியை அடக்க காம்ப்ளிமென்ட் தேவை.

கேள்வி (வாசகர், சென்னை): தட்டணு 15 ஆயிரம் என்றதும் சொந்தக்காரர்கள் தட்டணு தானம் செய்ய வரிசையில் நிற்கிறோம், டாக்டர் வேண்டாம் என்கிறார். பப்பாளி இலைச் சாறாவது கொடுக்கலாமா?

பதில்: டிடிபி என்று சந்தேகம் இருந்தால் டாக்டர் சொல்வதுதான் சரி. உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு இருந்தாலொழிய தட்டணு ஏற்றுவதில்லை, நெருப்பில் நெய் வார்த்த கதையாகலாம். பப்பாளிச் சாறு வேண்டாம், நேரம்தான் போகும். வரிசையில் நிற்பவர்கள் பிளாஸ்மா தேவைப்படுமா என்று ரத்த வங்கியில் கேளுங்கள். இன்னொன்று, பிளாஸ்மா ஏற்றத் தொடங்கும் முன்பே ஆடம்ட்ஸ்13 சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள், சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் எடுப்பார்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் கொடையாளியின் நொதியும் கலந்து கணக்கு தப்பும். நொதியின் வேலைத்திறன் இயல்பில் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் டிடிபி. முடிவு வரச் சில நாள் ஆகும், அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): எனக்கு மூன்று வருடம் முன்பு டிடிபி வந்து குணமானது. இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

பதில்: வாழ்த்துகள் அம்மா. பெற்றுக்கொள்ளலாம், திட்டமிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் இது திரும்ப வரலாம் என்பது உண்மை. அதனால் கர்ப்பத்துக்கு முன்பே ஆடம்ட்ஸ்13 அளவைப் பாருங்கள், கர்ப்பம் முழுக்க அவ்வப்போது பாருங்கள், அளவு இறங்கினால் நோய் வெளியே தெரியும் முன்பே சிகிச்சை கொடுக்க முடியும். ரத்தநோய் நிபுணரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருக்கும் இடமாகப் பாருங்கள். கருத்தடை மாத்திரையை, குறிப்பாக ஈஸ்ட்ரோஜன் உள்ளதை, நிபுணரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். சொல்ல வேண்டுமா என்றால், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், பழைய ரிப்போர்ட்டுகளையும் காட்டுங்கள். நடு ராத்திரியில் உங்களுக்குப் பேச்சு குழறினால் எந்த ஆஸ்பத்திரிக்கு, என்ன சொல்லி அழைத்துப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.