கிளிநொச்சியில் வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவ டெவலப்பரும் ஹைப்போவும் கலக்க முடியுமா?

தாராளமாகக் கலக்கலாம். டெவலப்பர் ஃபிலிமில் படத்தைத் தோன்றவைக்கும்; ஹைப்போ அதை நிலைநிறுத்தும். தூள்களும் கிராம் தராசும் இருந்தால் கலப்பது லேசு. வன்னியில் கரைச்சல் தருவது தண்ணீரும் வெக்கையும்தான்.

நான் கலப்பது கொடக்கின் பழைய டெவலப்பரான டி-76. ஒரு லீற்றருக்கு மெட்டோல் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, வெண்காரம் 2. சல்பைட் என்று அழுத்திக் கேளுங்கள்; சல்பேட் வேறு சாமான். 750 மில்லிலீற்றர் தண்ணீரை 50 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, ஒரு சிட்டிகை சல்பைட் போட்டபின் மெட்டோலைப் போடுங்கள். மெட்டோல் காற்றுப் பட்டுக் கறுக்காமல் அந்தச் சிட்டிகை காக்கும். மெட்டோல் முழுதாகக் கரைந்த பிறகுதான் மிச்சச் சல்பைட். மாற்றிப் போட்டீர்களோ, மெட்டோல் கரையாமல் வெள்ளைத் துகளாக மிதக்கும். அப்புறம் ஹைட்ரோகுயினோன், வெண்காரம். கடைசியில் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு லீற்றராக்குங்கள். கையுறை கட்டாயம், மெட்டோல் சிலருக்குத் தோலில் கடி கிளப்பும்.

நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கல்சியம் கூட. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். டெவலப்பருக்குள்ளும் வண்டலாக இறங்கி ஃபிலிமில் புள்ளி போடும். கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிவை வடித்தால் ஓரளவு சரி. நான் பற்றரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்குகிறேன் (அசிட் போத்தலைத் தூக்கி வந்துவிடாதீர்கள்).

வெக்கைதான் பெரிய தலையிடி. ட்ரை-எக்ஸ் 400 ஃபிலிமுக்கு நீர்க்காத டி-76இல் 20 பாகையில் 6¾ நிமிடம், 24இல் 4¾. அதற்கும் மேலே போனால் நேரம் இன்னும் சுருங்கி நெகட்டிவ் திட்டுத்திட்டாக வரும். போத்தலை ஐஸ் வாளிக்குள் நிறுத்துங்கள். ஐஸை உள்ளே போட்டால் டெவலப்பர் நீர்த்துவிடும். ஹைப்போவையும் கழுவும் தண்ணீரையும் அதே சூட்டுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள்.

டெவலப்பருக்கும் ஹைப்போவுக்கும் இடையில், டெவலப்பரின் வேலையை நிறுத்த, ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் போதும்.

ஹைப்போ உப்பு (சோடியம் தயோசல்பேட்) லீற்றருக்கு 240 கிராம். கரையும்போது பாத்திரமே சில்லிட்டுப் போகும், அதனால் வெந்நீரில் தொடங்குங்கள். பிறகு சல்பைட் 15 கிராம், 28 வீத அசெற்றிக் அமிலம் 48 மில்லிலீற்றர், படிகாரம் 15 கிராம், இதே ஒழுங்கில். சல்பைட் இல்லாமல் அமிலத்தை விட்டால் கந்தகம் பிரிந்து கலவை வெளுத்துவிடும். வெக்கையில் இளகும் ஜெலற்றினை இறுக்கத்தான் படிகாரம்.

பாவித்த ஹைப்போவில் வெள்ளி இருக்கும். கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.