கிருஷ்ணகிரி – ஓசூர் பஸ் பயணத்துக்கு எத்தனை சட்டை?
தம்பி, கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் ஓசூர் ஆபீசுக்குப் போக எத்தனை சட்டை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து போதும். இரண்டு வெளிர் நீலம், ஒரு வெள்ளை, ஒரு மெல்லிய கோடு, ஒரு சாம்பல். வெள்ளையை ஒன்றோடு நிறுத்துங்கள். ஜன்னல் தூசியில் காலர் ஒரே நாளில் அழுக்கேறிவிடும்.

முழுப் பருத்திதான் வெயிலுக்கு நல்லது. ஆனால் சீட்டில் சாய்ந்தே போனால் முதுகு கசங்கும், அதனால் இரண்டு மட்டும் பாலியஸ்டர் கலந்ததாக இருக்கட்டும். தைப்பதானால் ஒரு சட்டைக்கு 58 அங்குல அகலத் துணியில் 1.60 மீட்டர் எடுங்கள். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தையல்காரரிடம் கொடுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே கை சுருங்கும். எனக்கு அப்படி ஒரு நல்ல சட்டை வீணானது. தோள் தையல் சரியாகத் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இடுப்பை அப்புறம் பிடித்துக்கொள்ளலாம்.