பாசி எடுக்கிற வேலை

அன்புள்ள ஐயா,

மகன் பெங்களூருவில் வேலை பார்க்கிறான், மகள் கோவையில் படிக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு 24ஆம் தேதி இரவுதான் வந்தார்கள். குடில், பலகாரம் எல்லாம் நானே செய்து வைத்திருந்தேன். ஸ்டார் மட்டும் கடையில் வாங்கியது. ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவுப் பூசைக்கும் வரவில்லை. இந்த வருடமாவது கட்டாயப்படுத்தலாமா?

ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

கிறிஸ்துமஸுக்கு இரவு, விடியல், பகல் என்று மூன்று பூசை உண்டு. பஸ்ஸில் வந்து களைத்தவர்கள் காலையில் போகட்டும், அதற்காக மல்லுக்கு நிற்காதீர்கள். ஸ்டார் கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும்.

என்னை உறுத்தியது 'எல்லாம் நானே' என்ற வார்த்தை.

நான் வளர்ந்த ஏற்காட்டில் டிசம்பர் என்றால் காப்பிப் பழம் பறிக்கும் காலம். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதினார். பறித்த பழத்தை ஆள் ஆளாக அளந்து எழுதிவிட்டு வீடு வர இருட்டிவிடும். அதனால்தான் குடில் எங்கள் கைக்கு வந்தது. தேங்காய்த் தொட்டியில் கேழ்வரகு விதைப்பது தங்கை. குடிலில் விரிக்கப் பாசி கொண்டுவருவது நான். பாறையில் இருக்கும் பாசியைப் பிய்க்கக் கூடாது. ஓரத்தில் நகத்தை விட்டு, தோசை திருப்புகிற மாதிரி மெல்லப் புரட்டினால் மண்ணோடு ஒரே தகடாக வரும். ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தால் பச்சை மாறாது. குளிரில் விரல் விறைத்து விறைத்துப் பழகிய வேலை அது.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் 24ஆம் தேதி இரவு வந்து சேர்ந்தேன். அப்பா ஓய்வு பெற்றிருந்தார். எனக்குச் சிரமம் வேண்டாமென்று பாசிகூட அவரே எடுத்துவந்து குடிலை முடித்திருந்தார். "போய்ப் படுப்பா, களைப்பா இருப்பே" என்றார். பாசம்தான், ஆனால் எனக்கு அழுகை முட்டியது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த வேலை போய்விட்டது. ஒன்றும் பேசாமல் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அன்றைக்குப் போன் இல்லை, அவ்வளவுதான்.

அத்தனை பலகாரம் செய்ய உங்கள் கை எப்படி வலித்திருக்கும் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: எல்லாவற்றையும் முடித்துவிட்டால் எதற்கம்மா கை கொடுப்பார்கள்? விருந்தாளி மாதிரி தட்டில் வைத்து நீட்டினீர்கள், அவர்களும் விருந்தாளியாக உட்கார்ந்தார்கள். இதில் கட்டாயம் வேறா? 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ ஊரில் குடில் வைத்த அசிசி பிரான்சிஸ்கூட, வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லித்தான் ஏற்பாடு செய்தார். தானே இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருடம் கலகலா பலகாரத்துக்கு மாவைப் பிசைந்து மூடி வையுங்கள். அதற்கு மேல் தொடாதீர்கள். சீப்பில் வைத்து அவர்களே உருட்டட்டும். கோணலாக வந்ததை எடுத்துத் திரும்ப உருட்டாதீர்கள். பையன் வருவதற்குப் பத்தரை ஆனால், பத்தரைக்கு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வையுங்கள்.