உங்கள்முன் வைக்கிறவை (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்கு 23 வயது. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கம் ஒரு தேரிக்காட்டு ஊர். ஜூலையிலிருந்து ஜார்க்கண்டில் தும்கா அருகே மிஷனெரிப் பயிற்சியில் இருக்கிறேன். வீட்டில் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது. 24ஆம் தேதி இரவு போர்வைக்குள் அழுதுகொண்டே கிடந்தேன். ஊரில் அந்நேரம் கேரல் சுற்றி முடித்து, கோயில் வாசலில் சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். பயிற்சி தரும் அண்ணனிடம் சொன்னேன். கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல என்ற வசனத்தைக் காட்டினார். பண்டிகையன்று தமிழ்ப் பையன்கள் 14 பேரும் சேர்ந்து பிரியாணி செய்தோம், தமிழ்ப் பாட்டு பாடினோம். ஆனாலும் மனசு நிறையவில்லை. இங்குள்ள சந்தால் பழங்குடி ஜனங்களுக்குப் பண்டிகை என்றால் என்னவென்றே தெரியாது. ஊரே இருட்டாகக் கிடந்தது. வீட்டு நினைவு பாவமா? வீட்டுக்குப் போன் பேசுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? டிசம்பர் 25 உண்மையிலேயே இயேசு பிறந்த நாள்தானா என்றும் ஒரு குழப்பம்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பேசுங்கள். தினமும் பேசுங்கள். அம்மாவோடு போனில் பேசுவது பாவம் என்று எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. தேதிக் குழப்பத்தை யூடியூபில் பேசுகிறவர்களிடம் விட்டுவிடுங்கள், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா. மதமாற்றம் சரியா தவறா என்று எனக்கு எழுத இப்போதே பேனாவைத் திறந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் அண்ணனுடைய பழைய இன்லண்ட் லெட்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். போன வருடம் தவறிப்போனான். 1979இல் அவனும் உங்கள் வயதில், ஏறக்குறைய உங்கள் வட்டாரத்துக்கே பயிற்சிக்குப் போனவன். அப்போது அது பீகார்.

உலைக்கு அரிசி களையும்முன் ஒரு கைப்பிடி எடுத்து மிஷனெரிப் பானையில் போடுவது எங்கள் அம்மாவின் வழக்கம். உங்கள் வீட்டிலும் அந்தப் பானை இருந்திருக்கும். அண்ணன் போனபிறகு உங்க அம்மா கை பெரிசாயிட்டு என்று அப்பா கேலி செய்வார். அந்த டிசம்பர் முதல் வாரத்தில் முறுக்கையும் முந்திரிக்கொத்தையும் பிஸ்கட் டின்னில் அடைத்து, துணி சுற்றித் தைத்து, அரக்கு வைத்துப் பார்சல் அனுப்பினோம். ஜனவரி 9ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தது. முறுக்கு முழுக்கப் பொடி.

அதற்கு முன்பே, 27ஆம் தேதி போட்டு அவன் எழுதிய கடிதம் இங்கே இருக்கிறது. பண்டிகையன்று உபவாச ஜெபம் என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டானாம். அழுகிற முகத்தை யாரும் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். மத்தியானம் பக்கத்துக் குடிசைக் கிழவி கதவைத் தட்டியிருக்கிறாள். இரண்டு நாளாகக் கிணற்றடியில் ஆளைக் காணோமே, காய்ச்சலா என்று கேட்டாளாம். கையில் சால் இலையில் வைத்த பிட்டா. “நம்ம ஊர் கொழுக்கட்டை மாதிரி, இனிப்புதான் இல்லை” என்று எழுதியிருக்கிறான். அதைத் தின்றுவிட்டு அவள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்குத்தான் தெரிந்ததாம், சந்தாலியில் தாகா என்றால் சோறு, தாக் என்றால் தண்ணீர். ஆறு மாதமாக இவன் தண்ணீர் வேண்டி வீடுவீடாகச் சோறு கேட்டிருக்கிறான்! கிழவி சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடிவிட்டன என்று கடிதத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கோபமாகவே வருகிறேன். 14 பேர் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே நாசரேத்தைக் கட்டி உட்கார்ந்திருந்தீர்கள். வெளியே இருக்கிறவர்களுக்குப் பண்டிகை தெரியாது என்று எப்படித் தெரிந்தது? யாரிடம் கேட்டீர்கள்? உங்கள் பண்டிகையன்று அவர்கள் ஊர் ஏன் விளக்குப் போட வேண்டும்? இன்னும் இரண்டு வாரத்தில், நம் பொங்கலை ஒட்டி, அங்கே அவர்களுடைய சொஹ்ராய் பண்டிகை வரும். பெண்கள் மண்சுவரை மெழுகிச் சித்திரம் எழுதுவார்கள். மாட்டுக் கொம்புக்கு எண்ணெய் தடவுவார்கள். கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவார்கள். வீட்டு நினைவைப் பற்றி அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா?

நீங்கள் இருக்கிற அதே தும்கா பக்கம் பெனகாரியா என்று ஓர் ஊர் உண்டு. 1867இல் நார்வேக்கார மிஷனெரி ஸ்க்ரெஃப்ஸ்ருட் அங்கே வந்து இறங்கினார். இளம் வயதில் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர், அங்கேயே மொழிகள் படித்தவர். 1873இல் சந்தாலிக்கு இலக்கணம் எழுதினார். கோலேயான் என்ற முதிய குரு தம் மக்களின் பழங்கதைகளையும் சடங்குகளையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, 1887இல் சந்தாலியிலேயே அச்சிட்டார். பேச வந்த மனிதர் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கலப்பை வசனம். லூக்கா 9ஆம் அதிகாரத்தில் கடைசி வசனம் அது. உங்களுக்குப் பயிற்சி தரும் அண்ணன் அங்கேயே வேதாகமத்தை மூடிவிட்டார். மூடாமல் அடுத்த அதிகாரத்தைப் படித்திருக்கலாம். எழுபது பேரை இயேசு ஊர் ஊராக அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம், பாதரட்சை வேண்டாம் என்கிறார். போகிற வீட்டிலேயே தங்கு, வீட்டுக்கு வீடு போகாதே. அப்புறம், “உங்கள்முன் வைக்கிறவைகளைப் புசித்து” என்கிறார். அதற்குப் பிறகுதான் நோயாளிகளைக் குணமாக்குவது. ராஜ்யத்தைப் பற்றி வாயைத் திறப்பது அதற்கும் பிறகு. சாப்பாடு முதலில், பேச்சு மூன்றாவது. வரிசையை நான் போடவில்லை தம்பி, நீங்களே எடுத்துப் பாருங்கள். அனுப்பப்பட்டவன் கொடுக்கப் போகிறவன் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். லூக்காவில் அவன் வெறுங்கையோடு, பசியோடு, அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிற ஆள். அவனுக்கு ஊரும் இல்லை, பிரியாணியும் இல்லை. வீட்டு நினைவு வராமல் அவன் எப்படி இருந்திருப்பான்? அந்த நினைவுதான் அவனை இன்னொருவர் வீட்டுக்குள் தள்ளியிருக்கும். நீங்கள் அதைப் போர்வைக்குள் வைத்து வீணடித்துவிட்டீர்கள். பாவம் என்று ஏதாவது இருந்தால் அதுதான்.

இதை முதலில் சொன்னது நானும் அல்ல. நம் வெள்ளாளன்விளைக்காரர், பின்னாளில் பேராயரான வேதநாயகம் அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில் எழுந்து நின்று சொன்னார். நீங்கள் உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று கேட்டார். அப்போது அவருக்கு 35 வயது. அங்கே பலருக்கு அது பிடிக்கவில்லை. நூறு வருடம் கழித்து, அதே திருநெல்வேலிப் பையன்கள் தும்காவில் கேட்டைச் சாத்திக்கொள்கிறார்கள்.

என் அண்ணன் மூன்றாம் வருடமே மலேரியாவோடு திரும்பி வந்துவிட்டான். ஒருவரையும் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரவில்லை. கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதினான். தோற்றுப்போன மிஷனெரி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அவனும் மறுத்ததில்லை. அந்தக் கிழவி இறந்தபோது அவள் பேரன் எங்கள் வீட்டுக்குத் தந்தி கொடுத்தான்.

சொஹ்ராய்க்குப் போங்கள். 14 பேராகப் போகாதீர்கள், தனியாகப் போங்கள். கையில் துண்டுப்பிரதி வேண்டாம், பிஸ்கட் பாக்கெட்டும் வேண்டாம், அம்மா அனுப்பிய முறுக்கு டின்னும் வேண்டாம். ஹண்டியா என்கிற அரிசிக் கள்ளைக் கொடுத்தால் வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பிட்டாவை மட்டும் மறுத்துவிடாதீர்கள்.