பக்கத்தில் கடலட்டைக் குஞ்சு, உங்கள் பண்ணையில் இல்லை: ஏன்?

தம்பி, யாழ்ப்பாணத்து வேலணைத் தீவின் கரையில் கடற்புல்லை முழுக்க அரித்தெடுத்துவிட்டு வலை கட்டிக் கடலட்டைப் பண்ணை போட்டீர்கள், அயலில் கடலட்டைக் குஞ்சு தெரிகிறது, உங்களிடம் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் புல்லை எடுத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெள்ளை அட்டை என்ற கடலட்டை வகையின் நுண்குஞ்சு பெரும்பாலும் மணலில் நேரே இறங்காது. முதலில் கடற்புல் இலையில் ஒட்டி, அதில் படிந்த வழுவழுப்பான நுண்பாசியைத் தின்னும். 4-5 வாரம் போய், சுமார் 6 மில்லிமீற்றர் வளர்ந்த பிறகுதான் மணலுக்கு வரும்.

சரி, மணலையும் பாருங்கள். கிளறினால் கறுத்து, கூழ்முட்டை மணம் வந்தால் அங்கே ஒட்சிசன் இல்லை, குஞ்சு தங்காது. வெறும் பருமணலிலும் தீனி குறைவு. கொஞ்சம் சேறு கலந்த மணல்தான் நல்லது. ஓரத்தில் கொஞ்சம் புல் மிஞ்சியிருந்தால் அதைத் தயவுசெய்து தொடாதீர்கள், பரவட்டும்.